வேலியோரத்துப் பருப்புக்கீரை

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் "வேண்டாம்" என்று சொல்வதில்லை. தட்டில் இன்னொரு கரண்டி விழப்போகிறது என்றால், "அப்புறம் பார்த்துக்கலாமே" என்போம். பிடிக்காத புடவையைப் பரிசாகத் தந்தால், "ரொம்பப் புதுசா இருக்கே" என்போம். ஒருவர் மனத்தை இன்னொருவர் நோகடித்துவிடக் கூடாது என்பதில் நாங்கள் அத்தனை பேரும் கண்ணும் கருத்துமாக இருந்தோம். அந்த நல்ல குணம்தான் ஒரு திங்கட்கிழமை மதியம் என் குழந்தையை மருத்துவமனைக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தியது.

என் மாமனார் நில அளவையாளர். பிறர் நிலத்தில் ஒரு விரற்கடை பிசகினாலும் விடமாட்டார். வீட்டிலோ, தம்முடைய நாற்காலியில் வேறு யாராவது அமர்ந்திருந்தால் நின்றபடியே செய்தித்தாள் படித்து முடிப்பார். மாமியார் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகளை இணைத்துத் தரும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் இருப்பவர் பேசி முடித்துவிட்டார் என்று உறுதியான பின்பே வாய் திறப்பார். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை நேரத்தில் அவருடைய கைப்பேசிக்கு உயிர் இருப்பது அபூர்வம். நான் ஒரு கண்ணாடிக் கடையில் பணிபுரிகிறேன். ஒரு ஃபிரேம் வாடிக்கையாளரின் முகத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை என்றால்கூட, "இதையும் போட்டுப் பாருங்களேன்" என்று வேறொன்றை நீட்டுவேனே தவிர, அதற்கு மேல் சொல்ல எனக்கு நா எழாது.

எங்களில் ஒருத்திக்கு மட்டும் இந்தப் பழக்கம் படியவில்லை. அவள் என் மகள். பெயர் எதுவாயினும் எல்லோருக்கும் அவள் சுண்டுதான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிராத வயது. குளியலா, வேண்டாம். பாலா, வேண்டாம். "அப்படிச் சொல்லக் கூடாதுடா கண்ணு, 'அப்புறமா'ன்னு சொல்லணும்" என்று நாங்கள் நால்வரும் மாறி மாறித் திருத்திக்கொண்டிருந்தோம்.

கீரை எங்கள் வீட்டுக்குள் வந்தது துணி துவைக்கும் இடத்துச் சிமென்ட் வெடிப்பின் வழியாக. ஒரு நாள் வாளியை நகர்த்தியபோது, சிவந்த தண்டும் சின்னக் கரண்டி போன்ற தடித்த இலைகளுமாக ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்திருந்தது. பருப்புக்கீரை. தெருவில், சுவரோரத்தில், தொட்டியில் என்று எங்கும் முளைப்பதை எல்லோரும் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். என் பிறந்த வீட்டில் அதைச் சமைப்பதுண்டு. இதே போல் படரும் வேறொரு செடி இருக்கிறது. அதன் தண்டை ஒடித்தால் பால் வரும், அது ஆகாது. ஆகவே ஒடித்துப் பார்த்தேன். பால் வரவில்லை. ஒரு துணுக்கைக் கடித்தேன். மெல்லிய புளிப்பு. பிறந்த வீட்டுச் சமையலறையே நாக்கில் வந்து நின்றது.

கைப்பிடியளவு தண்டுகளைக் கிள்ளி வேலியோரத்து மண்ணில் குத்தி வைத்தேன். அந்த இடம் பூச்செடிக்காக மாமா கொத்தி, கயிறு பிடித்து, நேர்கோடாக ஒதுக்கி வைத்திருந்த பாத்தி. அவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் அவர் "சரி" என்றுதான் சொல்லியாக வேண்டும். பிடிக்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். அந்தச் சங்கடத்தை அவருக்கு ஏன் தர வேண்டும் என்று எண்ணி, கேட்காமலே நட்டுவிட்டேன். அதுதான் மரியாதை என்று அன்று உளமார நம்பினேன்.

அந்தக் கீரைக்கு யாருடைய பராமரிப்பும் தேவைப்படவில்லை. கிள்ளக் கிள்ளப் படர்ந்தது. பிடுங்கி வெயிலில் போட்ட தண்டுகூட, வாடுவது போல் பாவனை காட்டிவிட்டு, கிடந்த இடத்திலேயே வேர் விட்டது. வெங்காயமும் பூண்டும் சேர்த்து வதக்கி வாரத்தில் ஒரு நாள் பரிமாறினேன். நான் கிள்ளுவதை அத்தை பார்த்திருந்தார். என் கணவருக்கும் தெரியும். மாமா மட்டும் அது சந்தைக் கீரை என்று எண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேலியோரத்தில் நாளுக்கு நாள் பெருகுவது வேறு ஏதோ களை என்பது அவருடைய எண்ணம். அவரிடம் உண்மையைச் சொன்னால் பாத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். எனவே யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு ஒரு சிறிய வியப்பு ஏற்பட்டது. புதிதாக வாங்கிய பாத்திரம் கழுவும் திரவ சோப்பு பாதியாகக் குறைந்திருந்தது. எங்கே போயிற்று என்று கேட்டால் யாரையோ சந்தேகிப்பது போல் இருக்குமே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கட்கிழமை கடையில் அரை நாள் வேலை. வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசை தயாராக இருந்தது. மாமாவும் அலுவலகத்திலிருந்து உணவுக்காக வந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சுண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பச்சை உதடுகளோடு சிரித்தாள். அவள் தட்டு காலி.

"வாம்மா. இன்னிக்கு உனக்கு வேலை மிச்சம்" என்றார் அத்தை. "நானே கீரை பறிச்சு வதக்கிட்டேன். நானும் சுண்டுவும் முதல்ல சாப்பிட்டுட்டோம். தப்பா நெனச்சுக்காதே."

"ஐயோ அத்தை, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் என்ன? நம்ம வேலியோரத்துல கிடக்கிறதுதானே."

குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"பாத்திர வாசனை வந்துச்சும்மா" என்றாள் சுண்டு. "நான் வேண்டாம்னேன்."

"அப்புறமான்னு சொல்லணும்டா" என்றோம் நானும் அத்தையும் ஒரே குரலில்.

மாமா துண்டைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றார். கையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் துடைக்கவில்லை.

"எந்த வேலியோரம்?" என்றார்.

"நம்ம வேலியோரம்தான்" என்றார் அத்தை.

"அந்தப் பாத்தியா?"

"ஆமாங்க. இத்தனை நாளா நீங்க சாப்பிடறதும் அதுதானே."

நான் அதற்குள் என் தட்டில் கீரையை எடுத்துவிட்டிருந்தேன். மாமா மேசையருகே வந்தார்.

"யாரும் தப்பா எடுத்துக்கலேன்னா…" என்றார். "இதை… கொஞ்சம்… சாப்பிடாம இருந்தா நல்லா இருக்குமோன்னு…"

"உப்பு கூடிடுச்சா?" என்று கேட்டார் அத்தை.

நான் முதல் கவளத்தை வாயருகே கொண்டு சென்றேன். மறுகணம் என் கையில் ஓர் அடி விழுந்தது. தட்டு பறந்து சுவரில் மோதியது. கீரைச் சட்டியையும் மாமா இரு கைகளாலும் தூக்கித் தரையில் போட்டு உடைத்தார். வீட்டில் உரக்கத் தும்மியதுகூட இல்லாத மனிதர். சுண்டு அழவில்லை. அவளுக்கே அழத் தோன்றவில்லை என்றால் எங்கள் முகங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

"மருந்து அடிச்சிருக்கேன்" என்றார் மாமா. "நேத்து. களைக்கொல்லி. பாத்தி முழுக்க."

பச்சையாக இருந்த சுண்டுவின் உதடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாடவே இல்லையே!" என்றார் அத்தை. "தளதளன்னு இருந்துச்சே!"

"அது உடனே வாடாது. நாலஞ்சு நாள் பச்சையாத்தான் நிக்கும், அப்புறம்தான் கருகும்னு கடைக்காரர் சொன்னார்." மாமா அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார். "அது களைன்னு நெனச்சேன். ஆபீஸ் ஆளு ஒருத்தர் பார்த்துட்டு, அளவையாளர் வீட்டு வேலியா இதுன்னு சிரிச்சார். பிடுங்கச் சொன்னா, குறை சொல்றதா நெனச்சு மருமக மனசு கஷ்டப்படுமேன்னு… யாருக்கும் தெரியாம…"

அதன் பிறகு நான் சுண்டுவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியது நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா டாக்சி ஓட்டுபவர். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் வாளியைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். அத்தை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஏறினோம். மாமா மருந்து அடித்த தெளிப்பானைக் கையில் பிடித்தபடி முன்னிருக்கையருகே வந்து நின்றார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்றார். "நீங்க சாப்பிட்டாச்சா?"

"என் சாப்பாடு கெடக்கட்டும், ஏறுங்க சார்!"

வண்டி கிளம்பியதும் நடந்ததைச் சொன்னேன். அக்கா கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"ஏன் சார், வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? மருந்து அடிக்கிறேன்னு ஒரு வார்த்தை! நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா, அது கீரைன்னு? நல்ல குடும்பம்! மரியாதையாலேயே செத்துப் போவீங்க போல!"

ஒரு குறுக்குச் சந்திலிருந்து கார் ஒன்று மூக்கை நீட்டியது. "பாவம், அவங்களுக்கு வழி விடலாமே…" என்று தொடங்கினார் மாமா.

"சார், வாயை மூடிக்கிட்டு வாங்க" என்று சொல்லி, அக்கா ஒலிப்பானை அழுத்தியபடியே கடந்து சென்றார். அந்தச் சொல்லுக்கு மாமா தலையை ஆட்டினார். நன்றி சொல்வது போல.

கணவரை மீண்டும் மீண்டும் அழைத்தேன். இணைப்பில் இல்லை என்றது கைப்பேசி. சுண்டு என் மடியில் வண்டியில் கிடந்த ஒரு பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் கொட்டாவி விட்டபோதெல்லாம், தூக்கமா, மயக்கமா என்று அவள் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

மருத்துவமனையில் பதிவுச் சாளரத்தின் முன் பெரிய வரிசை. மாமா அனிச்சையாக அதன் கடைசியில் போய் நின்றார். நான் "கொஞ்சம்… தயவுசெய்து…" என்று யாரிடமோ முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"கவனிங்க! அவசரம்! குழந்தை களைக்கொல்லி பட்ட கீரையைச் சாப்பிட்டிருக்கு! மருத்துவர் உடனே வேணும்!"

எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் வருகிறது என்றே நினைத்தேன். பேசியது அத்தை. இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டறியாத குரல். தொலைபேசி நிலையத்தில் தீ விபத்து அழைப்புகளை இணைத்த குரல் அதுவாக இருந்திருக்க வேண்டும். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அதே கீரையைத் தாமும் சாப்பிட்டதை அத்தை சொல்லவே இல்லை. பிறகு நான்தான் சொன்னேன்.

பெண் மருத்துவர் ஒருவர் சுண்டுவின் கண்களையும் நாக்கையும் பார்த்தார். "வயிறு வலிக்குதா கண்ணா?" என்றார்.

"ஊசி வேண்டாம்" என்றாள் சுண்டு.

"மருந்து பேர் என்ன?" என்று எங்களிடம் திரும்பினார் மருத்துவர். "ஒவ்வொண்ணுக்கும் சிகிச்சை வேற. பேர் தெரிஞ்சாகணும்."

மாமாவுக்குத் தெரியவில்லை. என் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று புட்டியைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டிருந்தார். குப்பை வண்டி அன்று காலையே வந்து போய்விட்டது. மருந்து வாங்கிய கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆணியின் தலையளவு நிலத்தைக்கூட நினைவில் வைத்திருக்கும் மனிதர், நெற்றியில் அறைந்து அறைந்து யோசித்தார். "பச்சை மூடி… பச்சை மூடி…" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

மருத்துவர் தெளிப்பானை வாங்கிக் குலுக்கினார். அடியில் தங்கியிருந்த திரவம் நுரைத்தது. மூடியைத் திறந்து எச்சரிக்கையாக முகர்ந்தார். அவருடைய நெற்றி சுருங்கியது. ஒன்றும் சொல்லாமல் செவிலியரை அழைத்து இருவருக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசி ஏறியபோது சுண்டு கத்திய கத்தலுக்காக எனக்கு மகிழ்ச்சி ஏற்பட்டது. கத்துகிறாள் என்றால் தெம்பாக இருக்கிறாள்.

ஒருவழியாக என் அழைப்பு கிடைத்து என் கணவர் வந்து சேர்ந்தபோது கைகளில் கிரீஸ் அப்படியே இருந்தது. கட்டிலில் குழந்தை, பக்கத்துக் கட்டிலில் தம் தாய். மாமா எழுந்து, மகனுக்கு முன்னால் கைகட்டி நின்றார். அதைக் காண எனக்குப் பொறுக்கவில்லை.

"நான்தாம்பா. பாத்தியில மருந்து அடிச்சேன். தெரியாம இவங்க சாப்பிட்டுட்டாங்க."

கணவரின் முகத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் தோன்றவில்லை. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. திருடும்போது பிடிபட்டவர் போல விழித்தார்.

"அந்தத் தெளிப்பான்ல இருந்த மருந்தா?"

"ஆமாம்பா."

"அதுல மருந்து இல்லப்பா."

மருத்துவர் தெளிப்பானோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வெள்ளிக்கிழமை ஸ்பானர் தேடிக் கொட்டகைக்குப் போனேன். நீங்க கலந்து வச்சிருந்ததைப் பார்த்தேன். நாங்க சாப்பிடற கீரையாச்சே. அடிக்காதீங்கன்னு உங்ககிட்ட எப்படிப்பா சொல்றது? அதான் கொட்டிட்டு, தண்ணியும் பாத்திர சோப்பும் ஊத்தி வச்சேன். நுரை வந்தா சந்தேகம் வராதுன்னு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

"சொன்னா நீ அப்பா மேல வருத்தப்படுவியேன்னு…"

பாதியாகிப் போன சோப்புப் புட்டி என் கண்முன் வந்து நின்றது. "பாத்திர வாசனை" என்று குழந்தை சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவள் ஒருத்தி உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் அவளுடைய சொல்லைத் திருத்தியிருக்கிறோம். கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கும் அந்த வாசனைதான் வந்தது" என்றார் மருத்துவர். "ஆனா நுரையை நம்பி நான் முடிவு சொல்ல முடியாது. கொட்டினேன்னு சொன்னீங்களே, எங்கே கொட்டினீங்க?"

பாத்தியருகே கொட்டியிருந்தால்? கிணற்றுப் பக்கம் கொட்டியிருந்தால்?

"பழைய பெயிண்ட் டின்ல. மூடி போட்டு, கொட்டகைப் பரண்ல வச்சிருக்கேன்."

மாமாவும் டாக்சி அக்காவும் வீட்டுக்குப் பறந்தார்கள். நான் கைப்பேசியைக் காதோடு வைத்துக் காத்திருந்தேன். கட்டிலில் சுண்டு தூங்கிப் போயிருந்தாள். அவளுடைய மார்பு ஏறி இறங்குவதை ஒவ்வொரு முறையும் முதல் முறை போலப் பார்த்தேன்.

"இருக்கு!" என்று அக்காவின் குரல் வெடித்தது. "டின் முட்ட இருக்கு. மூடி இறுக்கமா இருக்கு, ஒரு சொட்டு சிந்தலை. குழந்தைக்கு ஒண்ணும் இல்லம்மா! உங்க மாமாதான் அதைப் பார்த்துட்டுக் கொட்டகையிலேயே உக்காந்து அழறார். எழுப்பவா, விடவா?"

"விடுங்க அக்கா" என்றேன்.

இரத்தப் பரிசோதனையும் நல்லவிதமாக வந்தது. மாலையில் அனுப்பிவிட்டார்கள். விடைபெறும்போது என் கணவர் மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டார். அவர், "என்கிட்ட எதுக்கு? வீட்டுக்குப் போய் ஒருத்தருக்கொருத்தர் வாயைத் திறந்து பேசுங்க" என்றார்.

எங்களை அழைத்துப்போக அக்காவும் மாமாவும் டாக்சியில் வந்திருந்தார்கள். வழியெல்லாம் அத்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேசி முடித்துவிட்டேனா என்று காத்திருப்பது போல.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா?"

"சொல்லுங்க அத்தை."

"எனக்கு அந்தக் கீரை பிடிக்கவே பிடிக்காது. புளிப்பும் வழவழப்பும். முதல் நாள்லேர்ந்தே."

அன்றைக்கு இனி எந்த அதிர்ச்சிக்கும் இடமில்லை என்று நினைத்திருந்தேன். இடம் இருந்தது. "அப்புறம் எதுக்கு அத்தை நீங்களே பறிச்சு…"

"நீ ஆசையா வளர்த்தியே. தினமும் நீ மட்டும் கிள்ளறியே, ஒரு நாள் ஒத்தாசையா இருப்போம்னுதான். சுண்டு வேண்டாம்னா, நான்தான் கதை சொல்லி ஊட்டிவிட்டேன்." அத்தையின் கண்கள் நிறைந்தன. "பிடிக்காததை நான் முழுங்கினது போதாதுன்னு குழந்தைக்கும் ஊட்டினேன்."

டாக்சி அக்கா வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, தோள்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "சாமி! உங்க நாலு பேரையும் ஒரு ரூம்ல போட்டுப் பூட்டினா, கதவு எங்கே இருக்குன்னுகூட ஒருத்தரை ஒருத்தர் கேட்க மாட்டீங்க!"

அடுத்த விடுமுறை நாளில் மாமா பாத்தியின் குறுக்கே ஒரு கயிறு கட்டினார். முளைக்குச்சி, மட்டம், அளவுநாடா எல்லாம் வந்தன. கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவருடைய பூச்செடிகள். அந்தப் பக்கம் என் கீரை. இனி யார் எதைத் தெளிப்பதானாலும் முதலில் வீட்டுக்குள் வந்து அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெயிண்ட் டின்னைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கீரை சமைக்கும் நாளில் அத்தைக்குத் தனியாக வேறு ஏதாவது செய்கிறேன். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும்போது அத்தை இன்னும் சிறிது கண்ணை மூடிக்கொள்கிறார், குளிர்ந்த நீரில் இறங்குபவர் போல. சுண்டுவை இப்போது யாரும் திருத்துவதில்லை.

ஆனால் பருப்புக்கீரைக்குக் கயிறு தெரியாது. மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நான் சமையலறையில் இருந்தபோது, வேலிப் பக்கமிருந்து தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல் கேட்டது. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பதறி, கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன்.

"ஏம்மா! உன் கீரை கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்துடுச்சு! பிடுங்கப் போறேன்!"

மாமாவின் குரலா அது என்று நான் திகைத்து நின்றேன். அதற்குள் அதைவிட உரத்த குரல் ஒன்று சன்னல் வழியாகப் பாய்ந்து போயிற்று.

"வேண்டாம் மாமா! பிடுங்காதீங்க! அது இன்னிக்குச் சமையலுக்கு!"

கத்தியது நான்தான் என்று எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.